சி.எஸ்.ஆர். படத்தில் யார் முகம் தெரிய வேண்டும்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் ஒரு நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு தம்பி கேட்டது. அவர்கள் நிறுவனம், ஏற்காட்டு மலையில் காபித் தோட்டங்களில் வேலை செய்யும் மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்காக (கேரளத்து மலையாளிகள் இல்லை, இந்த மலைகளின் பழங்குடியினர்) சி.எஸ்.ஆர். பணத்தில், அதாவது சமூகப் பணிக்கென்று கம்பெனி ஒதுக்கும் பணத்தில், சில காரியங்கள் செய்திருக்கிறது: மருத்துவ முகாம், தையல் பயிற்சி, கழிப்பறைகள். அதைப் பற்றி நான்கு நிமிட வீடியோ, ஒரு பத்திரிகைக் குறிப்பு, ஆண்டறிக்கையில் இரண்டு பக்கம் வேண்டும். "பார்க்கிறவங்க கண்ணு கலங்கணும்" என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். தம்பிக்கு உறுத்துகிறது. அந்த மக்களை விற்காமல் அவர்கள் கதையைச் சொல்ல முடியுமா, ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால் போதுமா, 'சமூக நீதிப் பயணம்' என்று தலைப்புப் போடலாமா என்று மூன்று கேள்விகள்.

முடியும். கையெழுத்து போதாது. தலைப்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

சேலத்திலும் அக்கம்பக்கத்து மாவட்டங்களிலும் ரொம்ப காலமாக இதே வேலையில் இருக்கிறேன். நம் ஊரில் பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அதிகாரி) என்றால் ஒன்று சினிமாக்காரர், இல்லாவிட்டால் கலெக்டர் ஆபீஸ்காரர். நாம் மூன்றாவது ரகம். நாம் என்ன வேலை பார்க்கிறோம் என்று வீட்டிலேயே பலருக்குத் தெரியாது. ஆனால் நாம் எழுதித் தருவது உள்ளூர்ப் பதிப்புகளில் பல நேரம் ஒரு வரி மாறாமல் அச்சாகிவிடுகிறது. பத்து வருஷம் கழித்து யாராவது அந்த ஊரைப் பற்றித் தேடினால் கிடைப்பது நாம் எழுதியதுதான். அதனால் இதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள்.

இந்த மாதிரிப் படங்களைப் பத்து, பதினைந்து சேர்ந்தாற்போலப் பாருங்கள். கஷ்டப்படுகிறவர் முகம் தெரியும். பெயர் தெரியும், ஊர் தெரியும், ஒழுகுகிற கூரைகூடத் தெரியும். அந்தக் கஷ்டம் யாரால் வந்தது, எதனால் வந்தது என்பது மட்டும் தெரியாது. 'வறுமையின் கொடுமையால்' என்று பின்னணிக் குரல் ஒரே மூச்சில் தாண்டிப் போய்விடும், வறுமை ஏதோ கோடை மழை போல வானத்திலிருந்து வந்து விழுந்ததாக. இதைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. காரணத்தைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். ஆளின் முகத்தை, அவர் விரும்பினால் மட்டும், விரும்பும் அளவுக்கு மட்டும் காட்டுங்கள். மற்ற எல்லா விதிகளும் இதற்குள்ளேயே வந்துவிடும்.

அப்படிச் சொல்லப்பட்ட கதை ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி. தருமபுரி மாவட்டம், 1965 வரை பழைய சேலம் மாவட்டத்தோடு இருந்த பகுதி. அங்கே வாழ்பவர்களும் ஏற்காட்டில் இருப்பவர்களைப் போலவே மலையாளிப் பழங்குடியினர். 1992 ஜூன் 20 அன்று, கடத்தல் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 பேர் மீது வழக்கு. விசாரணை முடிவதற்குள் 54 பேர் இறந்துபோக, மீதி 215 பேரையும் 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2023இல், அதே செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. முப்பத்தோரு வருஷம்! அத்தனை காலமும் அந்தக் கதையைச் சுமந்து வந்தவர்கள் அந்த ஊர்க்காரர்களும், மலைவாழ் மக்கள் சங்கமும், மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களும், வழக்கறிஞர்களும்தான். இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண்களின் பெயர் நமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது, சட்டமே தடுக்கிறது. ஆனால் எந்தெந்தத் துறை, எத்தனை பேர், எந்த நாள் என்பது தமிழ்நாட்டில் செய்தி படிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். நம் துறையில் யாரும் பாடமாக வைக்காத ஒரு மக்கள் தொடர்பு வேலை அது.

நேர் எதிரான உதாரணமும் நம் ஊரில்தான் இருக்கிறது. அதே 1992இல், வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில்தான் தொடங்கியது. திட்டத்தை நான் குறை சொல்ல வரவில்லை, அதனால் பிழைத்த பெண்கள் இன்றைக்கு வளர்ந்து ஆளாகியிருக்கிறார்கள். அதைச் சுற்றிச் சொல்லப்பட்ட கதையைத்தான் சொல்கிறேன். பெண் சிசுக்கொலை பற்றி அந்தக் காலத்தில் வந்த செய்திகளிலும் படங்களிலும் கேமரா முன்னால் உட்காரவைக்கப்பட்டவள் பெற்றவள்தான். கள்ளிப்பால், எருக்கம்பால் என்று அந்தக் காட்சியை விலாவாரியாகச் சொன்னார்கள். வரதட்சணை வாங்குவது 1961லிருந்தே குற்றம். அதை வாங்கிய மாப்பிள்ளை வீட்டார் யாரும் அப்படித் தலைகுனிந்து கேமரா முன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டவுனில் ஸ்கேன் சென்டருக்குக் காசு கட்டிக் கருவிலேயே முடித்துக்கொண்ட வசதியானவர்களும் கதைக்குள் வரவில்லை, அதைத் தடுக்க 1994இல் தனிச் சட்டமே வந்த பிறகும். ஏழைத் தாய்க்குக் கெட்ட பெயர், மாவட்டத்துக்குக் கெட்ட பெயர், காரணமாக இருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கதையை எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை, பெரும்பாலும் நல்லெண்ணக்காரர்கள். நல்லெண்ணத்தை நம்பி ஸ்கிரிப்ட் எழுதக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று உண்டு, கதையே வலையாகிப் போனது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்குக் கிராமத்துப் பெண் பிள்ளைகளைச் சேர்க்க 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று ஓடியது. மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும் என்றார்கள். துண்டுப் பிரசுரத்தில் பார்த்தால் பெண்ணைத் தன் காலில் நிற்கவைக்கும் திட்டம். உள்ளே போனால் வெளியே வர முடியாத விடுதி, நீண்ட ஷிஃப்ட், பாதியில் விலகினால் அந்தத் தொகை கிடையாது. 2011இல் வெளிநாட்டு ஆய்வு அமைப்புகள் இதை அறிக்கையாகப் போட்ட பிறகுதான் துணி வாங்கும் பெரிய கம்பெனிகள் அசைந்தன. ஆகவே 'பெண் முன்னேற்றம்' என்ற சொல் உங்கள் ஸ்கிரிப்டில் வந்தால் அங்கே கொஞ்சம் நின்று, பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள்.

சரி, உங்கள் வீடியோவுக்கு வருவோம்.

ஏற்காட்டில் காபி வந்தது 1820களில், காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்த காலத்தில். மலையில் கணிசமான பகுதி தோட்டமானது. அந்த மலையில் இருந்தவர்களில் பலர் அந்தத் தோட்டங்களுக்கே கூலிக்குப் போனார்கள். இருநூறு வருஷமாக உலகச் சந்தைக்குக் காபிப் பழம் பறித்துப் போடுகிறவர்களின் வாரிசுகளைத்தான் நீங்கள் படம் எடுக்கப் போகிறீர்கள். அவர்களைக் காட்டி 'நாகரிகத்தின் நிழல்கூடப் படாத வெள்ளந்தி மக்கள்' என்று யாராவது வசனம் எழுதிக் கொடுத்தால் அதைக் கிழித்துப் போடுங்கள். உலகச் சந்தையில் விலை இறங்கினால் நாகலூரிலும் வாழவந்தியிலும் அதன் வலி தெரியும். காபிக்குள் ஊடுபயிராக மிளகு, சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறிப்பு என்று இதெல்லாம் திறமையும் ஆபத்தும் உள்ள வேலைகள். அந்த வேலையைக் காட்டுங்கள். வேலை தெரிந்த மனுஷியாக ஒருவரைக் காட்டினாலே பாதி மரியாதை தானாக வந்துவிடும்.

அப்புறம் கேட்க வேண்டிய கேள்வி: உங்கள் நிறுவனத்துக்கும் அந்தத் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? தோட்டமே உங்களுடையதா, அந்தக் காபியை வாங்கி விற்கிறீர்களா, இல்லை எந்தச் சம்பந்தமும் இல்லாத ஆலையா? மூன்றுக்கும் கதை வேறு. தோட்டம் உங்களுடையது என்றால், லயன் வீட்டுக்கு (தொழிலாளர் வரிசை வீடு) குடிநீர், கழிப்பறை, மருத்துவ வசதி என்பதெல்லாம் 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலே முதலாளியின் கடமை. அதைச் செய்துவிட்டு 'கருணைக் கரங்கள்' என்று வீடியோ போட்டால் அது பொய்க் கதை. இது என் கருத்து மட்டும் இல்லை. கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135 படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்பனையோ லாபமோ உள்ள கம்பெனி, முந்தைய மூன்று வருஷ சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். 2021இல் திருத்தப்பட்ட விதிகள் எதெல்லாம் சி.எஸ்.ஆர். ஆகாது என்று பட்டியலே போடுகின்றன. வேறு சட்டத்தின்படி செய்தே ஆக வேண்டிய கடமை சி.எஸ்.ஆர். ஆகாது. சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுவது ஆகாது. தன் பொருளுக்கு விளம்பரம் தேடிச் செய்யும் ஸ்பான்சர் வேலையும் ஆகாது. மேலாளரிடம் 'இது நியாயமா' என்று கேட்டால் சிரிப்பார். 'ஆடிட்டர் கேட்டால் என்ன சொல்றதுங்க' என்று கேளுங்கள், உடனே நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

வாங்கி விற்கும் கம்பெனி என்றால் இன்னொரு சோதனை. இப்போது காபி பாக்கெட்டில் கூடையோடு சிரிக்கும் பழங்குடிப் பெண்ணின் படம் போடுவது ஃபேஷனாகிவிட்டது. அந்தப் பாக்கெட் விலையில் அவருக்கு எவ்வளவு போகிறது என்று பாக்கெட்டிலோ வீடியோவிலோ ஒரு வரி இருக்கிறதா? கூலி எவ்வளவு என்று சொல்லாமல் ஒரு தொழிலாளியின் கதையை நான்கு நிமிஷம் சொல்ல முடிகிறது என்றால், அந்த நான்கு நிமிஷமும் அதை மறைக்கத்தான் செலவாகியிருக்கிறது. நாள் கூலியைச் சொல்லுங்கள், பறிப்பு இல்லாத மாதங்களில் என்ன வேலை கிடைக்கிறது என்று சொல்லுங்கள், முகாமுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம் போனார்கள், பஸ் உண்டா என்று சொல்லுங்கள். நான் சொன்ன காரணம் என்பது இதுதான், புரட்சி கோஷம் எதுவும் இல்லை.

இனி ஒப்புதல். இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

வழக்கமாக நடப்பது இது. காலையில் சேலத்திலிருந்து வண்டி கிளம்பும், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, காபி காயவைக்கும் களத்துப் பக்கத்தில் நிற்கும். தோட்டத்து ரைட்டரிடம் (கணக்கரிடம்) முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். அவர் நான்கு பெண்களைக் கூப்பிட்டு, 'சார் வந்திருக்காங்க, பேசுங்க' என்பார். மேஸ்திரி பக்கத்திலேயே நிற்பார். படம் எடுத்து முடித்த பிறகு ஆங்கிலத்தில் அடித்த ஒரு தாளை நீட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார்கள். இதற்குப் பெயர் ஒப்புதல் என்றால், நாளைக்கு வேலை கொடுக்கிறவர் முன்னால் நின்று யார்தான் மாட்டேன் என்பார்கள்? 'முடியாது' என்று சொல்லக்கூடிய இடத்தில் கேட்டால்தான் 'சரி' என்பதற்கு மதிப்பு.

ஆகவே முதல் தடவை கேமரா இல்லாமல் போங்கள். தோட்டத்தில் கேட்காதீர்கள், சாயங்காலம் வீட்டில் கேளுங்கள், முடிந்தால் உங்கள் அலுவலகத்துப் பெண் ஒருவர் கேட்கட்டும். ஊர்க்கவுண்டரிடம் சொல்லிவிட்டு ஊருக்குள் போவது மரியாதை, அதைக் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் அவர் 'எடுத்துக்கோங்க' என்று சொன்னது அந்தப் பெண் சொன்னதாகாது. அவள் புருஷன் சொன்னதும் ஆகாது. இந்த வீடியோ எங்கெல்லாம் வரும் என்று வாயால் சொல்வதை விட, பழைய வீடியோ ஒன்றைப் போனில் போட்டுக் காட்டி, 'இந்த மாதிரி யூடியூபில் வரும், வாட்ஸ்அப்பில் சுத்தும், ஐந்து ரோட்டில் ஃப்ளெக்ஸாகவும் வைக்கலாம், உங்க சம்பந்தி வீட்டிலும் பார்ப்பாங்க' என்று சொல்லுங்கள். சம்பந்தி என்றதும் பாதிப் பேர் யோசிப்பார்கள். அந்த யோசனைக்கு இரண்டு நாள் விடுங்கள். மாட்டேன் என்றாலும் முகாமும் பயிற்சியும் நிற்காது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, நீங்கள் சொன்னதில் அவர்களுக்கு என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேளுங்கள்.

படிவம் தமிழில் இருக்கட்டும். எடிட் முடிந்த பிறகு இன்னொரு தடவை மேலே போய், வெளியிடும் முன் போட்டுக் காட்டி மறுபடியும் கேளுங்கள். நேர்காணலில் சொன்னது வேறு, இசையோடு வெட்டி ஒட்டிய பிறகு கேட்பது வேறு. பிறகு எப்போது வேண்டாம் என்று தோன்றினாலும் கூப்பிட ஒரு போன் நம்பர் கொடுங்கள், அது உங்கள் சொந்த நம்பராக இல்லாமல் அலுவலக நம்பராக இருக்கட்டும், நீங்கள் வேலை மாறிப் போகலாம். இதையெல்லாம் நான் ஆசைக்காகச் சொல்லவில்லை. 2023ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் சுதந்திரமாகவும் விவரம் தெரிந்தும் தரப்பட வேண்டும், கொடுத்தது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. அதற்கான அறிவிப்பைத் தமிழிலும் படித்துக்கொள்ள வழி இருக்க வேண்டும். அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன, படிப்படியாக அமலாகிறது. ஒருவருடைய முகமும் தரவுதான்.

ஒரு நிறுவனத்துக்காகப் போயிருந்தபோது நடந்தது. அவர்கள் கூட்டி வந்த புகைப்படக்காரர், பறிப்புக்கு வந்த ஒரு அம்மாவைச் செருப்பைக் கழற்றச் சொன்னார். வெறுங்காலோடு நின்றால் படம் 'பேசும்' என்று விளக்கம் வேறு. அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்போ உன் ஷூவையும் கழட்டிட்டு வந்து எடு கண்ணு" என்றார். சுற்றி இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அந்தச் சிரிப்புதான் அன்றைக்கு எடுத்திருக்க வேண்டிய படம். ஆள் எப்படி இருக்கிறாரோ அப்படியே எடுங்கள். ஜாக்கெட் போட்டிருந்தால் ஜாக்கெட், கையில் ஸ்மார்ட்போன் இருந்தால் ஸ்மார்ட்போன்.

முகத்தை மறைத்துவிட்டால் ஆள் தெரியாது என்பதும் டவுன்காரர் நினைப்பு. ஏற்காடு வட்டாரம் மொத்தமே அறுபத்துச் சொச்சம் கிராமங்கள். குரல், புடவை, பின்னால் தெரியும் வேலி, கோயில் மரம் என்று ஏதாவது ஒன்று போதும், பக்கத்து ஊரான கொட்டச்சேட்டுக்காரர் பார்த்தவுடன் ஆளைச் சொல்லிவிடுவார். உண்மையிலேயே மறைக்க வேண்டியிருந்தால் குரலையும் இடத்தையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லை படமே இல்லாமல் எழுத்தில் சொல்லுங்கள். பாலியல் குற்றத்துக்கு ஆளானவர் என்றால் இது நம் விருப்பத்துக்கு விட்ட விஷயமே இல்லை. பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 72, குழந்தை என்றால் போக்சோ சட்டம் பிரிவு 23, அடையாளத்தை வெளியிடுவது குற்றம். நியாயம் கேட்டு ஹேஷ்டேக் போடுகிறவர்களே குழந்தையின் பெயரை ஹேஷ்டேக்காக்கி விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதை உங்கள் நிறுவனத்துப் பக்கத்திலிருந்து பகிர்ந்துவிடாதீர்கள்.

குழந்தைகள் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் பாதிக் கம்பெனிகளின் 'சமூகப் பணி' என்பது முதலாளி பிறந்தநாளுக்குக் குழந்தைகள் இல்லத்தில் பிரியாணி போட்டு குரூப் போட்டோ எடுப்பது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74, பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் எந்த விவரத்தையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாப்பாடு போடுங்கள், போட்டோ வேண்டாம்.

காசு கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். நிருபர் கொடுக்கக் கூடாது, சரி. நாம் நிருபர் இல்லை. ஒருவர் முகத்தை வைத்து நம் கம்பெனிக்குப் பெயர் தேடுகிறோம். கேமராமேனுக்குக் காசு, டிரோன்காரருக்குக் காசு, மியூசிக் போட்டவருக்குக் காசு. கதைக்கு உரியவருக்கு மட்டும் ஒரு சால்வையும் எவர்சில்வர் பாத்திரமுமா? படத்துக்காக அவர் இழந்த நாள் கூலியோடு, அவர் செய்த வேலைக்கு ஒரு தொகையும் சேர்த்துக் கொடுங்கள். படம் எடுக்கும் முன்பே கொடுங்கள், அவர் என்ன சொல்கிறார் என்பதைப் பார்த்து அல்ல. நான்கு பேர் பேசினால் நால்வருக்கும் ஒரே தொகை, எடிட்டில் வெட்டப்பட்டவருக்கும் சேர்த்து.

யார் காசில் கதை சொல்லப்படுகிறது என்பதும் வெளியே தெரிய வேண்டும். இந்தத் தொழில் ஆரம்பித்த நாளிலிருந்தே இருக்கும் வியாதி இது. 1906இல் ஐவி லீ என்ற அமெரிக்கர், நாங்கள் வெளிப்படையாகவும் துல்லியமாகவும் தகவல் தருவோம் என்று கொள்கைப் பிரகடனம் போட்டார். 1914இல் கொலராடோவில் லட்லோ என்ற இடத்தில் சுரங்கத் தொழிலாளர் கூடாரங்கள் கொளுத்தப்பட்டுப் பெண்களும் குழந்தைகளும் செத்தபோது, அதே லீ முதலாளி ராக்ஃபெல்லர் தரப்புக்கு அறிக்கை எழுதினார். கம்பெனி கொடுத்ததைச் சரிபார்க்காமலேயே போட்டேன் என்று பிறகு விசாரணைக் குழு முன் சொன்னார். 1929இல் எட்வர்ட் பெர்னேய்ஸ், நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்களைச் சிகரெட் பற்றவைக்கச் செய்து அதைப் பெண் விடுதலைக் கதையாக்கினார். பின்னால் இருந்தது சிகரெட் கம்பெனி. போராட்டத்தின் மொழியை வாங்கிப் பொருளுக்குச் சுற்றிக் கொடுக்கும் வித்தை அன்றைக்கே முழுசாக வந்துவிட்டது. 1965இல் ஏதென்ஸில் சர்வதேச மக்கள் தொடர்புச் சங்கம் போட்ட நெறிமுறை, ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை அடிப்படையாக வைத்தது. 1958இல் உருவான இந்திய மக்கள் தொடர்புச் சங்கம் 1968இல் அதையே ஏற்றுக்கொண்டது. அந்த நாளான ஏப்ரல் 21ஐத்தான் வருஷா வருஷம் கேக் வெட்டிக் கொண்டாடுகிறோம். கேக் வெட்டுகிறவர்களில் எத்தனை பேர் அந்த நெறிமுறையைப் படித்திருப்பார்கள் என்று கேட்காதீர்கள்.

மேலாளர் கேட்கும் கண்ணீருக்கு வருவோம். கண்ணீர் வேகமாகப் பரவும், உண்மைதான். 2018இல் சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்காக நிலம் அளக்க வந்தபோது குப்பனூர்ப் பக்கமெல்லாம் வயதான அம்மாக்கள் மண்ணில் புரண்டு அழுத வீடியோக்கள் உலகம் முழுக்கப் போயின. ஆனால் 2019 ஏப்ரல் 8 அன்று உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்ததற்கு அழுகை காரணமில்லை. சுற்றுச்சூழல் அனுமதி வாங்காமலேயே நில எடுப்பைத் தொடங்கியது போன்ற சட்டக் கேள்விகள்தான் அங்கே நின்றன. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதைப் பெருமளவு மாற்றி, ஆரம்ப அறிவிக்கை செல்லும் என்றது. வருவாய்ப் பதிவேட்டில் உரிமையாளர் பெயரை முன்கூட்டியே மாற்றியதை மட்டும் ஏற்கவில்லை. இரண்டு தீர்ப்புமே ஆவணத்தின் மேல் வந்தவை. அந்த அம்மாக்களோ இன்றைக்கும் யாரோ ஒருவர் ஸ்டேட்டஸில் அழுதுகொண்டிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு எவ்வளவு நிலம், என்ன பயிர், எத்தனை கிணறு என்று அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்களைக் கேளுங்கள், தெரியாது. அழுகையை எடுக்காதே என்று சொல்லவில்லை. அழுகிறவர் எதைக் கேட்கிறார் என்பது பார்ப்பவருக்குத் தெரியாமல் போனால் அந்தக் காட்சியை வெட்டிவிடுங்கள்.

பத்திரிகைக் குறிப்புக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தையல் மிஷினைப் பத்துப் பேர் தொட்டுக்கொண்டு நிற்கும் படம் வேண்டாம். 'பயனாளிகள்' என்று மொத்தமாக எழுதாமல் எத்தனை பேர், என்ன பயிற்சி, முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று எழுதுங்கள். கிடைக்காதவர்களையும் எழுதுங்கள். மேலாளர் அந்த வரியை அடித்துவிடுவார், மறுபடியும் எழுதுங்கள்.

தலைப்பு. 1944 ஆகஸ்ட் 27 அன்று நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய மாநாடு நடந்த ஊர் இது. இங்கே 'சமூக நீதிப் பயணம்' என்று தையல் மிஷினுக்குத் தலைப்பு வைத்தால் பெரியவர்கள் சிரிப்பார்கள், சிறியவர்கள் மீம் போடுவார்கள். நீதி என்றால் ஒருவருக்குச் சேர வேண்டியது சேர்ந்தது என்று அர்த்தமாக வேண்டும். உங்கள் நிறுவனம் கூலியை உயர்த்தியிருந்தால், ஒப்பந்தத்தை மாற்றியிருந்தால், வாங்கும் விலையில் ஒரு பங்கைப் பறிப்பவர் கைக்குப் போகச் செய்திருந்தால், தாராளமாக அந்தத் தலைப்பைப் போடுங்கள், நானே கைதட்டுகிறேன். முகாம் நடத்தியிருந்தால் 'ஏற்காட்டில் மருத்துவ முகாம்' என்று போடுங்கள். நல்ல காரியம்தான், அதற்கு அந்தப் பெயரே போதும்.

தேதி விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். பறிப்பு நவம்பரில் சூடு பிடித்தால் ஜனவரி, பிப்ரவரி வரை யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. கேமரா இல்லாத அந்த முதல் சந்திப்பை அக்டோபருக்குள் முடித்துவிடுங்கள். எடிட் செய்ததைப் போட்டுக் காட்டுவதை மே மாதம் வரை இழுக்காதீர்கள், சேர்வராயன் கோயில் திருவிழா வந்துவிட்டால் ஊரில் ஆள் பிடிக்க முடியாது. அவர்கள் பார்ப்பதற்கு நான்கு நிமிஷம், பார்த்துவிட்டுப் பேசுவதற்கு அரை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரை நாள் கூலியையும் இப்போதே பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள் தம்பி. பிறகு போய்க் கேட்டால் அக்கவுண்ட்ஸில் பில் கேட்பார்கள்.